பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறணுமா?

எங்க அம்மாச்சிகிட்ட ஒரு பழமொழி உண்டு. தெருவுல புதுசா கல்யாணமான பொண்ணு யாராவது வந்து திண்ணையில உட்கார்ந்து மூக்கைச் சிந்தினா, வெத்தலையில சுண்ணாம்பு தடவிக்கிட்டே சொல்லும்: "பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தான்டி ஆகணும்." அத்தோட பஞ்சாயத்து முடிஞ்சுது. அந்தப் பொண்ணும் முகத்தைத் துடைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிரும்.

சின்ன வயசுல எனக்கு இது ரொம்பப் பிடிச்ச பழமொழி. பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு ஒருத்தி புளியமரம் ஏறுறா, மேல உச்சிக்கிளையில மாப்பிள்ளைப் பேய் காலை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. நினைச்சு நினைச்சு சிரிப்பேன். திண்ணையில அழுத பொண்ணுக்கு அது சிரிப்பில்லைங்கறது புரிய எனக்குப் பல வருஷம் ஆச்சு.

இப்ப பெங்களூர்ல ஆணி புடுங்கிக்கிட்டு இருக்கேன். ரிலீஸ் இருக்கிற ராத்திரிகள்ல பில்டு ஓடி முடியற வரைக்கும் நான் படிக்கிறது என்ன தெரியுமா? ரத்தக்காட்டேரியையும் ஓநாய் மனிதனையும் காதலிக்கிற பொண்ணுங்களோட காமெடி நாவல்கள். என் ரூம்மேட் அட்டையைப் பார்த்துட்டு, "இன்ஜினியரிங் படிச்சுட்டு இதைப் போய் படிக்கிறியாடி?"ன்னு கேட்டா. அன்னைக்குச் சும்மா பல்லைக் காட்டிட்டு விட்டுட்டேன். (காட்டேரிப் பல் இல்லீங்க, சாதாப் பல்தான்.) ஆனா கேள்வி மண்டைக்குள்ள உட்கார்ந்துக்கிச்சு. பயமுறுத்த வேண்டிய பேய் எப்ப சிரிப்புக்கு ஆளாச்சு? எப்ப மாப்பிள்ளை ஆச்சு? தோண்டிப் பார்த்ததுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ எடுத்து வச்சுக்கோங்க.

ரோமாபுரியில ஒரு ஓநாய்

"அந்தக் காலத்துல பேய்னா பேய் மாதிரி இருந்துச்சு, இப்பத்தான் காமெடி பீஸ் ஆக்கிட்டாங்க"ன்னு நிறைய பேர் சொல்றாங்க. நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். தப்பு.

ஐரோப்பாவுல நமக்குக் கிடைக்கிற பழைய ஓநாய் மனிதன் கதைகள்ல ஒண்ணு, கி.பி. முதல் நூற்றாண்டுல பெட்ரோனியஸ் எழுதின 'சாட்டிரிகான்'ல வருது. ரோமப் பேரரசன் நீரோ காலத்து ஆள். அது பேய்க்கதைப் புத்தகமே இல்லை, முழுக்க முழுக்க நையாண்டி. ஒரு புதுப்பணக்காரன் வீட்டு விருந்துல நைசரஸ்னு ஒருத்தன் சொல்ற கதை இது. அவன் அடிமையா இருந்த காலத்துல மெலிஸாங்கற பொண்ணு மேல ஆசை. முதலாளி ஊர்ல இல்லாத நேரம் பார்த்து, துணைக்கு ஒரு சிப்பாயைக் கூட்டிக்கிட்டு அவளைப் பார்க்கக் கிளம்புறான். நிலா பட்டப்பகல் மாதிரி காயுது. கல்லறைகள் பக்கம் வந்ததும் சிப்பாய் துணியெல்லாம் அவுத்து ஓரமா வச்சு, அதைச் சுத்தி ஒண்ணுக்குப் போறான். அடுத்த நிமிஷம் ஓநாயாகி ஊளையிட்டுக்கிட்டு காட்டுக்குள்ள ஓடிட்டான்!

நம்ம ஹீரோ நிழலையெல்லாம் கத்தியால குத்திக்கிட்டே ஓடிப்போய் காதலி வீட்டுல விழறான். அவ, "இப்பத்தான் ஒரு ஓநாய் வந்து ஆடுகளைக் கடிச்சுட்டுப் போச்சு, எங்க ஆள் அது கழுத்துல ஈட்டியால குத்திட்டான்"ங்கறா. வீடு திரும்பினா சிப்பாய் படுக்கையில கிடக்கான், வைத்தியர் கழுத்துக்கு மருந்து போட்டுக்கிட்டு இருக்கார்.

நிலா இருக்கு, காதலி இருக்கா, ஓநாய் இருக்கு, காமெடியும் இருக்கு. சுமார் 2000 வருஷத்துக்கு முன்னாடியே ஃபார்முலா ரெடி.

கூச்சப்பட்ட ஓநாய், மூக்கு போன மனைவி

அடுத்து 12 ஆம் நூற்றாண்டு. மாரி டி ஃபிரான்ஸ்னு ஒரு பெண் கவிஞர் 'பிஸ்க்ளாவ்ரெட்'னு ஒரு கதைப்பாட்டு எழுதியிருக்காங்க. ஒரு நல்ல பிரபு, வாரத்துல மூணு நாள் காணாமப் போயிடுறார். மனைவி நச்சரிச்சு விஷயத்தைக் கறந்துடுறா. ஐயா அந்த மூணு நாளும் ஓநாய். கழட்டி வச்ச துணி திரும்பக் கிடைச்சாத்தான் மனுஷன் ஆக முடியும். பயந்துபோன மனைவிக்கு இனி இந்த ஆளோட ஒரே கட்டில்ல படுக்க மனசில்லை. தன்னை விரும்பின இன்னொரு வீரனை விட்டு அந்தத் துணியைத் திருட வச்சு, அவனையே கல்யாணமும் பண்ணிக்கிறா.

ஓநாயாவே மாட்டிக்கிட்ட பிரபு ராஜாவோட காலை முத்தமிட்டு அரண்மனைச் செல்லப்பிராணி ஆயிடுறார். கடைசில மனைவியைப் பார்த்ததும் பாய்ஞ்சு அவ மூக்கைக் கடிச்சு எடுத்துடுறார். அவளைச் சித்திரவதை பண்ணி உண்மையை வாங்கறாங்க. துணியைக் கொண்டுவந்து முன்னால போட்டா ஓநாய் கண்டுக்கவே இல்லை. ஏன்னா சபையில எல்லார் முன்னாடியும் உடை மாத்த வெட்கமாம்! தனி அறையில விட்டுக் கதவைச் சாத்தின பிறகுதான் மனுஷன் ஆனார்.

இந்த இடத்துல நான் சத்தம் போட்டுச் சிரிச்சேன். அப்புறம் அந்த மனைவி ஞாபகம் வந்தா. அவ பண்ணின துரோகத்துக்கு நான் வக்காலத்து வாங்கலை. ஆனா, ராத்திரி பக்கத்துல படுக்கிறவன் ஓநாய்னு தெரிஞ்சா எந்தப் பொண்ணுக்குத்தான் பயம் வராது? அந்தப் பயத்தைச் சொல்ல அவளுக்கு ஒரு திண்ணைகூட இல்லை. அவளும் புளியமரம் ஏறியிருக்கணும்னுதான் எல்லாரும் எதிர்பார்த்திருக்காங்க.

சிரிப்பு நின்ன காலம்

நடுவுல கொஞ்ச காலம் நிஜமாவே யாரும் சிரிக்கலை. 1589 ல ஜெர்மனியில கொலோன் பக்கம் பெட்பர்க்ல பீட்டர் ஸ்டும்ப்ங்கற விவசாயியை ஓநாயா மாறிக் கொலைகள் செஞ்சான்னு சொல்லிக் கொடூரமா கொன்னாங்க. அவன் மகளுக்கும் கூட வாழ்ந்த பொண்ணுக்கும் மரண தண்டனை. ஓநாய் மனிதன்ங்கற வார்த்தை அன்னைக்கு நிஜ மனுஷங்களைத் தீயில தள்ளுற வார்த்தையா இருந்துச்சு.

ரத்தக்காட்டேரி விஷயம் சூடு பிடிச்சது ஆஸ்திரிய ஆட்சியில இருந்த செர்பியக் கிராமங்கள்ல. 1725 லயும் 1731-32 லயும், செத்தவங்க எழுந்துவந்து ஆளைக் கொல்றாங்கன்னு கிராமத்து மக்கள் புகார் சொல்ல, அரசாங்கம் ஆள் அனுப்பி விசாரிச்சு அறிக்கை எழுதிச்சு. புதைகுழியைத் தோண்டினா உடம்பு உப்பியிருக்கு, வாயோரம் ரத்தம், நகம் புதுசா முளைச்ச மாதிரி. ராணுவ மருத்துவர் ஃப்ளூக்கிங்கர் 1732 ல இதையெல்லாம் பார்த்தது பார்த்தபடி எழுதி வச்சுட்டார். உடம்பு அழுகும்போது வாயுவால உப்பறது, ரத்த நிறத்துல திரவம் வெளியே வர்றது, தோல் சுருங்கி நகம் வளர்ந்த மாதிரி தெரியறது எல்லாம் இயல்புதான்னு 1988 ல பால் பார்பர் ஒரு புத்தகமே எழுதினார். அன்னைக்கு அதைச் சொல்ல ஆளில்லை. 1755 ல ராணி மரியா தெரசா தன் மருத்துவர் வான் ஸ்வீட்டனை இந்த விவகாரத்தை ஆராயச் சொல்லி, இனிமே காட்டேரின்னு சொல்லிப் பிணத்தைத் தோண்டறது, தலையை வெட்டறது எல்லாம் கூடாதுன்னு உத்தரவு போட்டாங்க.

ஆனா ஒரு வேடிக்கை பாருங்க. 1732 அறிக்கை லண்டன் பத்திரிகைகள்ல வந்த சில மாசத்துலயே, மக்கள் ரத்தத்தை உறிஞ்சுற அரசியல்வாதிகள்தான் நிஜக் காட்டேரின்னு அங்கே நையாண்டி கிளம்பிடுச்சு. பின்னால வால்டேரும் பட்டப்பகல்ல ரத்தம் உறிஞ்சுற பங்குத் தரகர்களைப் பத்தி இதே கிண்டலை அடிச்சார். கிராமத்துக்காரன் பயந்தான், பட்டணத்துக்காரன் சிரிச்சான்.

மாப்பிள்ளை அவதாரம்

காட்டேரிக்குக் கோட்டு சூட்டு மாட்டிவிட்டவர் ஜான் போலிடோரி. 1816 ல ஜெனீவா ஏரிக்கரையில கவிஞர் பைரனுக்கு மருத்துவரா தங்கியிருந்தவர். மேரி ஷெல்லிக்கு ஃபிராங்கன்ஸ்டைன் கதை உதிச்ச அதே மழைக்கால வீடு. போலிடோரியோட 'தி வாம்பயர்' 1819 ல, பைரன் எழுதினதுன்னு தப்பான பேரோட பத்திரிகையில வந்துச்சு. பாவம் மனுஷன், 1821 ல 25 வயசுலயே இறந்துட்டார்.

அந்தக் கதையில வர்ற லார்டு ருத்வென் அழகன், பெரிய இடத்து விருந்துகளுக்கெல்லாம் போறவன். அவன் யாருன்னு தெரிஞ்ச ஒரே ஆள் ஆப்ரே. ஆனா அவன்கிட்ட 'யார்கிட்டயும் சொல்லமாட்டேன்'னு சத்தியம் வாங்கியாச்சு. கடைசில ருத்வென் ஆப்ரேயோட தங்கச்சியையே கட்டிக்கிறான். முதலிரவுலயே அந்தப் பொண்ணு காலி. கதையில யாரும் ருத்வெனைப் பார்த்து ஒரு தடவைகூடச் சிரிக்கலை. அவன் முன்னாடி எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறாங்க.

இதுக்கு ஒரு வருஷத்துக்கும் மேல முன்னாடி, 1817 கடைசியில, ஜேன் ஆஸ்டனோட 'நார்தாங்கர் ஆபி' வந்துச்சு. அவங்க இறந்து சில மாசம் கழிச்சு. பேய் பங்களா நாவல்களாப் படிச்சுத் தள்ளின கேத்தரீன்ங்கற பொண்ணு, காதலன் வீட்டுக்கு விருந்தாளியாப் போய் அலமாரிக்குள்ள ரகசியம் தேடறா. கிடைச்சது சலவைக்கணக்கு! காதலன் ஹென்றி அவளைக் கிண்டல் பண்றான், அவளும் தன்னைப் பார்த்துத் தானே சிரிச்சுக்கக் கத்துக்கிறா. அந்த வீட்டுல நிஜமான பூதம் ஹென்றியோட அப்பா. இவ பணக்காரி இல்லைன்னு தெரிஞ்சதும் வண்டியில தனியா ஏத்தி வீட்டுக்கு அனுப்புற மனுஷன். நான் படிக்கிற நாவல்களுக்குப் பாட்டி ஆஸ்டன்தான்னு சொல்வேன்.

அப்புறம் 1897, பிராம் ஸ்டோக்கரோட 'டிராகுலா'. ரொம்ப சீரியஸான புத்தகம். ஆனா கோட்டைக்குப் போன ஜோனதன் ஹார்க்கர் பார்க்கிற ஒரு காட்சி உண்டு. டிராகுலா பிரபு தானே விருந்தாளிக்குப் படுக்கை விரிச்சுக்கிட்டு இருக்கார். வேலைக்காரங்களே கிடையாது! அவ்வளவு பெரிய கோட்டைக்குச் சொந்தக்காரர் மெத்தை தட்டி, மேஜை துடைச்சு, சாப்பாடு எடுத்து வைக்கிறார். ஹார்க்கருக்கு இதைப் பார்த்து நடுக்கம். எனக்கு, "அட, பொறுப்பான மனுஷனா இருக்காரே"ன்னு தோணுச்சு :-)

நம்ம ஊர்த் தொடர்பு ஒண்ணும் உண்டு. விக்கிரமாதித்தன் வேதாளம் கதைகளை 1870 ல ரிச்சர்ட் பர்ட்டன் இங்கிலீஷ்ல எழுதினப்போ வேதாளத்துக்கு வாம்பயர்னு பேர் வச்சுட்டார். நம்ம வேதாளம் ரத்தமா குடிச்சது? கதை சொல்லிக் கேள்வி கேட்டு ராஜாவையே படாதபாடு படுத்திச்சு. இந்தப் பர்ட்டனை ஸ்டோக்கருக்கு நேர்ல தெரியும். பேசும்போது அவரோட கோரைப்பல் கத்தி மாதிரி வெளியே தெரியும்னு பின்னாடி நினைவுக்குறிப்புல எழுதியும் வச்சிருக்கார்.

விதிகள் கூடினா பக்குகளும் கூடும்

கண்ணாடியில உருவம் தெரியாது, பூண்டு ஆகாது, அழைக்காம வீட்டுக்குள்ள முதல்தடவை நுழைய முடியாது. இதெல்லாம் 'டிராகுலா' நாவல்ல இருக்கு. வெயில் பட்டா சாவு மட்டும் அதுல இல்லை, பகல்லயும் அவர் ஊர் சுத்துவார். அதைச் சேர்த்தது 1922 ஜெர்மன் படம் 'நொஸ்ஃபெராட்டு'. ஓநாய்க்கு வெள்ளி ஆகாதுங்கறதைப் பரப்பினது 1941 ல வந்த 'தி உல்ஃப் மேன்'. பௌர்ணமி தோறும் மாறுவான்ங்கறது 1943 ல வந்த அதன் அடுத்த பாகத்துல தெளிவா வந்துச்சு.

சாஃப்ட்வேர் மக்களுக்குத் தெரியும், விதி கூடக் கூட பக்கும் கூடும். கண்ணாடியில தெரியலைன்னா எப்படித் தலை வாருவான்? அழைப்பு இருந்தாத்தான் வருவான்னா, சண்டை வந்ததும் "போடா வெளியே"ன்னு அழைப்பை ரத்து பண்ணலாமா? காமெடி எழுத்தாளர்களோட வேலை முக்காவாசி டெஸ்டர் வேலைதான். 1948 லயே அபட்-காஸ்டெல்லோ ஜோடி ஃபிராங்கன்ஸ்டைனைச் சந்திக்கிற காமெடிப் படம் வந்தாச்சு. 1931 ல டிராகுலாவா வந்து உலகத்தையே நடுங்க வச்ச பேலா லுகோசியே அதுலயும் டிராகுலா. ஓநாயும் அதே லான் சேனி ஜூனியர்தான்.

1967 ல அமெரிக்க மதியநேர டிவி சீரியல் 'டார்க் ஷேடோஸ்'ல பர்னபாஸ்னு ஒரு காட்டேரி வந்து, பார்க்கிறவங்க மனசைக் கவர்ந்து நிரந்தரமாத் தங்கிட்டார். 1976 ல ஆன் ரைஸ் காட்டேரியை உட்கார வச்சுப் பேட்டி எடுத்தார். 1997 ல டிவிக்கு வந்த 'பஃபி' 2003 வரைக்கும் ஓடிச்சு. பேய்ப்படத்துல இருட்டுச் சந்துல முதல்ல சாகிற பொண்ணு, இதுல திருப்பி அடிக்கிறா. அடிக்கிறப்பவே கிண்டலும் பண்றா. கதவு திறந்தாச்சு.

அவ சிரிச்சா!

2001 ல சார்லெய்ன் ஹாரிஸ் எழுதின 'டெட் அன்டில் டார்க்'. லூசியானாவுல ஒரு சின்ன ஊர். மத்தவங்க மனசுல ஓடறதெல்லாம் காதுல விழற சூக்கி அங்கே ஒரு பார்ல சர்வர். ரத்தத்தைத் திருடற ஒரு ஜோடிகிட்ட மாட்டின ஒரு காட்டேரியை இவ காப்பாத்தறா. அவன் தன் பேரைச் சொல்றான். பில். அவ்வளவுதான், சூக்கி விழுந்து விழுந்து சிரிக்கிறா. காட்டேரின்னா ஏதாவது வாயில நுழையாத ராஜவம்சப் பேரா இருக்கும்னு பார்த்தா, பில்லாம்! நம்மூர்ல முனீஸ்வரன்னு நினைச்சுக் கும்பிடப் போய், அவர் "என் பேர் ரமேஷ்"னு சொன்னா எப்படி இருக்கும்?

இதுல கவனிக்க வேண்டியது, சிரிச்ச பிறகும் சூக்கி உயிரோட இருக்கா. கதை தொடருது. ருத்வென் முன்னாடி யாருக்கும் கிடைக்காத சலுகை இது.

2004 ல மேரிஜானிஸ் டேவிட்சனோட 'அன்டெட் அண்ட் அன்வெட்'. பெட்ஸிக்கு வேலை போகுது, அப்புறம் கார் மோதி உயிரும் போகுது. சவ அடக்க நிலையத்துல எழுந்து பார்த்தா முதல் கவலை, தனக்கு யாரோ மட்டமான ஷூவை மாட்டிவிட்டிருக்காங்களேங்கறதுதான். வேலை போன துக்கம் தெரிஞ்சவங்களுக்கு இந்தக் காமெடி கூடவே கொஞ்சம் வலிக்கும்.

2009 ல கெயில் கேரிகரோட 'சோல்லெஸ்'. நான் சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடையில எடுத்தது. விக்டோரியா காலத்து லண்டன். கல்யாண வயசு தாண்டிட்டான்னு ஊர் முத்திரை குத்தின அலெக்ஸியா, அறிமுகம்கூட இல்லாம பாய்ஞ்ச ஒரு காட்டேரியைக் குடையால சமாளிக்கிறா. அவளுக்கு வருத்தமெல்லாம் அவனோட மரியாதைக்குறைவு பத்தித்தான். காதலன் லார்டு மெக்கான், ஓநாய்க் கூட்டத்தோட தலைவர். என்னைக்கோ இவளால ஒரு முள்ளெலி மேல உட்கார்ந்துட்ட கதையைச் சொல்லிச் சொல்லிப் புலம்பறவர். புலம்பிட்டு மறுபடி அவகிட்டதான் வருவார். அவ கை பட்டா ஓநாய் சக்தி போய் வெறும் மனுஷன் ஆயிடுவார். அது தெரிஞ்சும் கையைப் பிடிக்கிறார்.

எனக்குக் கிடைச்ச பதில் இதுதாங்க. பலசாலி ஒருத்தன் ஆபத்தானவனா இல்லையான்னு ஒரு பொண்ணு எப்படிக் கண்டுபிடிப்பா? அவனைப் பார்த்துச் சிரிச்சுப் பார்க்கணும். தாங்கிக்கிட்டான்னா, பல் எவ்வளவு நீளமா இருந்தாலும் பரவாயில்லை. இந்த நாவல்கள் பக்கத்துக்குப் பக்கம் நடத்தறது இந்தப் பரீட்சையைத்தான்.

எல்லாக் காட்டேரிக் காதலும் இப்படின்னு சொல்லமாட்டேன். 2005 ல வந்த 'ட்வைலைட்'ல ஹீரோ பொண்ணுக்குத் தெரியாம ராத்திரி ரூமுக்குள்ள வந்து அவ தூங்கறதைப் பார்த்துக்கிட்டு இருக்கான். அதை உருகி உருகிப் படிச்சவங்க கோடிக்கணக்கு. எனக்கு ஜன்னல் தாழ்ப்பாள் ஞாபகம்தான் வந்துச்சு. ஓநாய்க் கதைகள்ல பாதி ஹீரோ 'ஆல்ஃபா'ன்னு உறுமிக்கிட்டுத் திரிவான். அந்த ஆல்ஃபா கதையே 1947 ல ருடால்ஃப் ஷெங்கல், கூண்டுல அடைபட்ட ஓநாய்களைக் கவனிச்சு எழுதினதுல இருந்து கிளம்பினது. காட்டுல ஓநாய்க் கூட்டம்ங்கறது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைங்கதான்னு டேவிட் மெக் 1999 ல விளக்கினார். ஆல்ஃபாவை உலகத்துக்கே பிரபலப்படுத்தினதுல 1970 ல அவர் எழுதின புத்தகத்துக்கும் பங்கு உண்டு. உறுமற ஹீரோ கூண்டு ஓநாய், அவ்வளவுதான்.

கடைசியா என் கதை

ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு நிச்சயம் ஆச்சு. நல்ல வேலை, நல்ல குடும்பம், குறை ஒண்ணும் சொல்ல முடியாது. ஒருநாள் போன்ல, "நிச்சயதார்த்த போட்டோவுல நீங்க ஜவுளிக்கடை பொம்மை மாதிரி விறைப்பா நிக்கிறீங்க"ன்னு சிரிச்சேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வச்சுட்டார். மூணு நாள் பேச்சில்லை. நாலாம் நாள் அவங்க அம்மா எங்க அம்மாவுக்குப் போன் பண்ணி, "பொண்ணுக்கு வாய் கொஞ்சம் அதிகமோ"ன்னு கேட்டாங்க. அஞ்சாம் நாள் அவரே கூப்பிட்டு, "கல்யாணத்துக்கப்புறம் இதெல்லாம் வச்சுக்காத"ன்னார். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்துச்சு.

வேண்டாம்னு சொல்ல எனக்கு இன்னும் பத்து நாள் ஆச்சு. "இதெல்லாம் ஒரு காரணமா?"ன்னு வீட்டுல எல்லாரும் கேட்டாங்க. காரணத்தை வார்த்தையாச் சொல்ல எனக்கு அன்னைக்குத் தெரியலை. அந்த ராத்திரிகள்ல 'சோல்லெஸ்'ஸைத் திரும்பப் படிச்சேன். முள்ளெலி கட்டம் வர்றப்பல்லாம் சிரிச்சேன், நடுவுல அழுதேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அம்மாச்சிக்கு அலெக்ஸியா கதையைச் சொன்னேன். குடை, முள்ளெலி, கை பட்டா மனுஷனாகிற ஓநாய், எல்லாம். முழுசாக் கேட்டுட்டு வெத்தலையை ஒதுக்கிக்கிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டுச்சு:

"அப்ப அந்த ஓநாய்ப் பய மரத்த விட்டுக் கீழ இறங்கிட்டானாடி?"

"இறங்கிட்டான் அம்மாச்சி."

"அதான பாத்தேன். சேலையக் கட்டிக்கிட்டு எவ ஏறுவா?"

டிஸ்கி: பழமொழியை இத்தனை வருஷம் சொன்னது யாருன்னு நான் திருப்பிக் கேட்கலை. எழுபத்தெட்டு வயசுல மரத்தை விட்டு இறங்கறவங்களைக் கேள்வி கேட்கக் கூடாது :-)